கைப்பக்குவத்தைத் தராசில் வையுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே கதைதான். "உன் கைக்கு இப்படி ஒரு ருசி, வீட்டிலேயே செய்து விற்கலாமே" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அது மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பதினொரு வருடமாக வீட்டு அடுப்படியை வைத்தே பிழைப்பவள் என்பதால் ஆசிரியர் அந்தக் கட்டை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார். எல்லாவற்றுக்கும் இடமில்லை, அடிக்கடி வந்த கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் என் சமையலைப் புகழ்கிறார்கள். எனக்குப் பத்துப் பன்னிரண்டு ஐட்டம் நன்றாக வரும். எல்லாவற்றையும் போட்டு ஒரு மெனு அடித்துவிடலாமா?

பதில்: அடிக்காதீர்கள். ஓசியில் சாப்பிட்டவர் சொல்லும் பாராட்டை நம்பிக் கடை போட முடியாது (கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அதில் ஏமாந்தவள்தான்). காசு கொடுத்து வாங்கிய ஒருவர் பத்து நாள் கழித்து அவராகவே போன் செய்து "இன்னொரு பாக்கெட் இருக்கா?" என்று கேட்கிறாரே, அந்தப் போன்தான் கணக்கு. அது வரும்வரை பன்னிரண்டில் இரண்டை மட்டும் எடுங்கள். எந்த இரண்டு என்றால், நாலு நாள் விற்காமல் கிடந்தாலும் கெடாதது, தூக்கிக்கொண்டு போனால் சிந்தாதது, ஆறிப்போனாலும் சாப்பிட முடிவது, இரண்டுக்கும் முக்கால்வாசி மூலப்பொருள் பொதுவாக இருப்பது. பிஸ்கட், அரைத்த பொடிகள், வறுத்த கொட்டை வகைகள் மாதிரி ஈரம் இல்லாதவை முதல் வருடத்துக்கு நல்ல துணை. பால், கிரீம், இறைச்சி எல்லாம் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது இதைவிட முக்கியம். கைப்பக்குவம் கைப்பக்குவம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, விற்பனைக்கு வந்துவிட்டால் அதுதான் முதல் எதிரி. எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆயிற்று. ஒரு வாடிக்கையாளர் "போன தடவை நன்றாக இருந்தது, இந்தத் தடவை உப்பு தூக்கல்" என்றபோது அவர் நாக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல், டிஜிட்டல் தராசை எடுத்து வைத்து, எண்ணைப் பார்க்காமல் வழக்கம்போல ஒரு கை உப்பை அள்ளிப் போட்டேன். 18 கிராம். கொட்டிவிட்டு மறுபடி அள்ளினேன், 27. மூன்றாவது தடவை 22. அதே கை, அதே உப்பு, நடுவில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வாடிக்கையாளரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆகவே உங்கள் முதல் செலவு 1 கிராம் வரை காட்டும் ஒரு தராசு, ஒரு நோட்டு. பாத்திரத்தைத் தராசில் வைத்து டேர் பட்டனை அழுத்தினால் பாத்திரத்தின் எடை கழிந்து பூஜ்யமாகிவிடும், அதன் பிறகு எப்போதும் போலக் கையாலேயே அள்ளிப் போடுங்கள், ஒவ்வொன்று போட்டதும் எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி பூஜ்யமாக்குங்கள், அவ்வளவுதான். மூன்று வெவ்வேறு நாளில் இப்படிச் செய்து, மூன்றில் எது நன்றாக வந்ததோ அந்த எண்களை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நோட்டை வீட்டில் வேறொருவர் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லிவிட்டு, சமையலறைப் பக்கமே போகாதீர்கள். அவர் செய்ததற்கும் நீங்கள் செய்ததற்கும் சாப்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் உங்களிடம் விற்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது.

கேள்வி: நாலு பேருக்குச் செய்தால் அருமையாக வருகிறது. நாற்பது பேருக்கு எல்லாவற்றையும் பத்தால் பெருக்கிப் போட்டேன், தண்ணியாக வேறு ஏதோவாக வந்தது. எங்கே தப்பு?

பதில்: பொருளைப் பத்தால் பெருக்கினீர்கள், பாத்திரத்தின் வாய் பத்து மடங்கு ஆகவில்லையே! ஒரு பாத்திரத்தின் உயரம், அகலம் இரண்டையும் இரண்டு மடங்காக்கினால் அதன் கொள்ளளவு 8 மடங்கு ஆகும், ஆவி வெளியேறும் மேல்பரப்பு 4 மடங்குதான் ஆகும். அதனால் பெரிய பாத்திரத்தில் அதே நேரம் கொதிக்கவிட்டால் அந்த அளவுக்கு வற்றாது, கூடுதல் நேரம் விட்டால் காய் குழைந்துவிடும். தண்ணீரைக் குறைத்து ஆரம்பித்துத் தேவைப்பட்டால் சேர்ப்பது நல்லது. நேரத்தைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். சின்ன அளவில் மொத்தம் 2 கிலோ போட்டு 1.6 கிலோவாக இறக்குகிறீர்கள் என்றால், 20 கிலோ போட்டால் 16 கிலோவாக வரும்போது இறக்க வேண்டும். உப்பையும் இறக்கும் எடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; 1.6 கிலோவுக்கு 16 கிராம் என்றால் அது 1 சதவீதம், ஆகவே 16 கிலோவுக்கு 160 கிராம். பேக்கரிக்காரர்கள் மாவை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதன் சதவீதமாக எழுதுவது இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான்.

இதே கணக்கு ஆறுவதிலும் வேலை செய்யும், நான் அடிபட்டது அங்கேதான். என் முதல் பெரிய ஆர்டர், 15 லிட்டர் சூப். காலையில் பரபரக்க வேண்டாமே என்று முந்தைய ராத்திரியே வைத்து முடித்து, ஒரே அண்டாவில், மூடி போட்டு, அடுப்பின் மேலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். விடிந்து மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் பொடிப் பொடியாகக் குமிழ், லேசாகப் புளித்த வாடை, கரண்டியை நடுவில் விட்டுக் கிளறினால் அடியில் இன்னும் வெதுவெதுப்பு. ராத்திரி முழுக்க அந்த அண்டா கிருமிகளுக்கு மெத்தை விரித்து வைத்திருக்கிறது. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை ஆபத்தான இடைவெளி, சமைத்ததை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதற்காகத்தான். வசதியான சூடு கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். ஒன்று, 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும்.

"மறுபடி கொதிக்கவிட்டால் சரியாகிவிடுமே" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஆகாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி செத்தாலும் அது விட்டுப்போன நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது. சாதத்தில் வளரும் பேசில்லஸ் செரியஸ் என்பதன் வித்துகள் வேகவைப்பதையே தாங்கி நின்று, ஆறும்போது முளைக்கும். 15 லிட்டரையும் சாக்கடையில் ஊற்றிவிட்டு, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது நான் செய்வது: இறக்கியதும் அகலமான தட்டையான தட்டுகளில் நாலு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புவது, தட்டுகளைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துக் கிளறிவிடுவது, 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும் அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்கிவிடுவது. கையை விட்டுப் பார்த்து "ஆறிடுச்சு" என்று சொல்வதெல்லாம் கிடையாது, குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர்தான். அது சரியாக இருக்கிறதா என்று தெரிய, உடைத்த ஐஸை நிறையப் போட்ட தண்ணீரில் விட்டுப் பாருங்கள், 0 காட்ட வேண்டும்.

கேள்வி: வாங்கிய சாமானின் விலையோடு 30 சதவீதம் லாபம் வைத்து விற்கிறேன். ஆர்டர் குறைவில்லை. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லையே?

பதில்: நிற்காது. உங்கள் கடிதத்தில் எரிவாயு இல்லை, டப்பா இல்லை, ஸ்டிக்கர் இல்லை, கொண்டுபோய்க் கொடுத்த செலவு இல்லை, உடைந்ததும் கருகியதும் இல்லை. எல்லாவற்றையும்விட, நீங்களே இல்லை.

முதலில் சாமான் விலையே நீங்கள் நினைக்கிற விலையாக இருக்காது. ஒரு கிலோ வெங்காயம் வாங்கி, தோலும் வேரும் அழுகலும் போக மிஞ்சுவதைத் தராசில் வையுங்கள். எனக்கு 900 கிராம் நின்றாலே அந்த வாரம் நல்ல வெங்காயம் வந்திருக்கிறது என்று அர்த்தம். கொடுத்த காசை அந்த 900 கிராமால்தான் வகுக்க வேண்டும். பொரிப்பதாக இருந்தால் சட்டியில் ஊற்றிய எண்ணெய், மீந்த எண்ணெய் இரண்டையும் எடைபோட்டு, குடித்த எண்ணெயைக் கணக்கில் ஏற்றுங்கள். பலருடைய லாபம் அந்தச் சட்டியில்தான் கரைகிறது.

பிறகு உங்கள் கூலி. "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். சாமான் வாங்கப் போனது, பாத்திரம் கழுவியது, பேக் செய்தது, போனில் பேசியது எல்லாம் சேர்த்து 20 பாக்கெட்டுக்கு 6 மணி நேரம் ஆகிறது என்றால் ஒரு பாக்கெட்டுக்கு 18 நிமிடம். உங்கள் இடத்தில் ஓர் ஆளை வைத்தால் மணிக்கு என்ன கொடுப்பீர்களோ, அதில் 18 நிமிடத்துக்கு உள்ளதை ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் வையுங்கள். நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்து நிஜமாகவே ஆள் வைக்க நேர்ந்தால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

சாமான், எரிபொருள், பேக்கிங், கூலி, சேதாரம் எல்லாம் சேர்ந்த அடக்கம் 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 சேர்த்து 130க்கு விற்கிறீர்கள். நீங்கள் நினைப்பது 30 சதவீத லாபம், ஆனால் கைக்கு வருகிற 130ல் அந்த 30 என்பது 23 சதவீதம்தான். இப்போது ஒரு டெலிவரி ஆப்பில் சேருகிறீர்கள், அவர்கள் 25 சதவீதம் கமிஷன் கேட்கிறார்கள். கமிஷன் எப்போதும் விற்ற விலையில்தான், அடக்கத்தில் இல்லை. 130ல் 25 சதவீதம் 32.50. உங்கள் கையில் வருவது 97.50. அதாவது ஒவ்வொரு பாக்கெட்டோடும் 2.50 வைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள், ஆர்டர் கூடக் கூட நஷ்டமும் கூடுகிறது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பிசினஸ் ஜோராக நடக்கிறது! கமிஷன் போக 130 நிற்க வேண்டுமென்றால் 130ஐ 0.75ஆல் வகுக்க வேண்டும், 173க்குக் கொஞ்சம் மேலே வரும். அந்த விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள் என்றால் அந்த ஆப் உங்களுக்கு இல்லை, நேரடி ஆர்டரோடு இருங்கள்.

விலை ஏற்றினால் ஆட்கள் போய்விடுவார்களே என்று பயம் இருக்கும். சிலர் போவார்கள். போகிறவர்கள் பெரும்பாலும் வாங்கும்போதும் பேரம் பேசியவர்கள்தான் என்பது என் அனுபவம்.

கேள்வி: எத்தனை நாள் தாங்கும் என்று லேபிளில் எழுதுவது எப்படி? ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை. பூண்டை எண்ணெயில் ஊறவைத்துப் பாட்டிலில் போட்டு விற்கவும் ஆசை.

பதில்: பூண்டு எண்ணெய் ஆசையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், சத்தியமாகச் சொல்கிறேன். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி மண்ணில் இருப்பது, பூண்டோடு வந்துவிடும். அதற்குக் காற்று ஆகாது; எண்ணெய் காற்றுப் படாமல் மூடிவிடுகிறது. புளிப்பு ஆகாது, பிஎச் அளவு (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருந்தால் வளராது. பூண்டில் அந்தப் புளிப்பு இல்லை. அதற்குப் பிடித்த வீட்டை நாமே கட்டிக் கொடுக்கிறோம். 1985ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் போட்டிருந்த நறுக்கிய பூண்டைச் சாப்பிட்டு 36 பேருக்குப் பாட்டுலிசம், அதாவது இந்தக் கிருமி விடும் நச்சால் வரும் நோய், வந்தது. அந்த நச்சு இருப்பது வாடையிலோ ருசியிலோ தெரியாமலே போகலாம். புளிப்பில்லாத காய்கறியைச் சாதாரணமாகக் கொதிக்கவைத்துப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைப்பதும் இதே ஆபத்துதான், இந்தக் கிருமியின் வித்துகளைக் கொல்ல அழுத்தத்தில் 121 டிகிரி வரை போக வேண்டும், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100ஐத் தாண்டாது.

உலர்ந்த பொருட்களுக்கு வருகிறேன். ஒரே நாளில் செய்ததில் ஆறு பாக்கெட்டை விற்காமல் எடுத்து, வாங்குகிறவர் வீட்டில் எப்படி இருக்குமோ அப்படி, ஃபிரிட்ஜில் இல்லாமல் வெளியே வையுங்கள். 3, 7, 14, 21 என்று நாள் குறித்து ஒவ்வொன்றாகத் திறந்து, நமுத்திருக்கிறதா, எண்ணெய்ச் சிக்கு வாடை வருகிறதா, நிறம் மங்கியிருக்கிறதா என்று எழுதுங்கள். 21ம் நாள்தான் முதல் குறை தெரிகிறது என்றால் 14 என்று போடுங்கள், 20 என்று போடாதீர்கள், வாங்கியவர் அதை வெயில் படும் ஜன்னலில்கூட வைப்பார். ஈரமான பொருளுக்கு இந்த மூக்குச் சோதனை போதாது, அதற்கு ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, சூடாக இருக்கும்போது டப்பாவை மூடாதீர்கள். மூடியின் உள்பக்கம் ஆவி முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு, ஆறியதும் ஒவ்வொரு சொட்டாகப் பிஸ்கட் மேலேயே விழும். விழுந்த இடத்தில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும், வட்டமாக, பொட்டு வைத்த மாதிரி.

கேள்வி: வீட்டில்தானே செய்கிறோம், லைசன்ஸ் எல்லாம் தேவையா?

பதில்: தேவை. விவரம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், கூடவே வாடகை வீடென்றால் வீட்டுக்காரரையும். போகும்போது என்ன செய்கிறீர்கள், எதில் அடைக்கிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள் என்பதை எழுதி எடுத்துப் போங்கள், பாதி வேலை முடிந்துவிடும். 1960களில் நாசாவுக்காக விண்வெளி உணவு செய்த பில்ஸ்பரி நிறுவனத்தினர், செய்து முடித்த பிறகு சோதித்தால் சோதனைக்கே எல்லாம் தீர்ந்துவிடுகிறது என்று பார்த்துத்தான், செய்யும் ஒவ்வொரு படியிலும் எங்கே தப்பு நடக்கும் என்று கண்டுபிடித்து அங்கேயே கவனிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு உணவுத் தொழிற்சாலைகள் பின்பற்றுகிற ஹசாப் (HACCP) என்ற பாதுகாப்பு முறை அதிலிருந்து வந்ததுதான். உங்கள் நோட்டும் அதன் சின்னத் தங்கைதான்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால், நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அடுப்படிப் பக்கம் போகாதீர்கள், ஆர்டரைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: லேபிளில் என்னென்ன போட வேண்டும்? எல்லாப் பொருளையும் எழுதினால் என் ரகசியம் போய்விடுமே?

பதில்: அளவை யாரும் கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்கிறார்கள். எடையில் அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்று வரிசையாக எழுதுவது கோடெக்ஸ் என்ற உலக அளவிலான உணவு விதித் தொகுப்பிலேயே இருக்கிறது. நிகர எடை, செய்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், யார் செய்தது, எப்படி வைத்துக்கொள்வது இவையும் வேண்டும். பால், முட்டை, கோதுமை, சோயா, நிலக்கடலை, முந்திரி பாதாம் வகை, எள், மீன், இறால் நண்டு வகை இவற்றில் எது இருந்தாலும் கண்ணில் படும்படி போடுங்கள். நிலக்கடலை அரைத்த அதே மிக்சியில் அடுத்ததை அரைத்தீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தத் துளியே போதும்.

கேள்வி: சொந்தக்காரர்கள் எல்லாரும் "நமக்குள்ளே என்ன காசு" என்கிறார்கள்.

பதில்: சாம்பிள் ஒரு தடவை, சின்ன பாக்கெட்டில். இரண்டாவது தடவை பில். கடன் கிடையாது, என் மாமியாருக்கும் கிடையாது.

கேள்வி: மேடம், என் மனைவி இந்தத் தொழிலை ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. வீடு முழுக்க மணக்கிறது, எங்களுக்குத்தான் சாப்பாடு நேரத்துக்குக் கிடைப்பதில்லை. எடுத்துச் சாப்பிட்டால் "அது ஆர்டர்" என்கிறார். ஏதாவது வழி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் கஷ்டம் புரிகிறது சார், என் வீட்டிலும் இதே புலம்பல் கேட்டதுண்டு. வாரத்தில் எந்தெந்த நாள் ஆர்டர் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணுங்கள், மற்ற நாளில் அடுப்பு வீட்டுக்கு. ஆர்டர் நாளில் வீட்டுச் சமையல் உங்கள் பொறுப்பு, பிரமாதமாக இருக்க வேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கமாட்டார். எடுத்துச் சாப்பிட்டதை நோட்டில் எழுதுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதுவும் சேதாரக் கணக்கில் வர வேண்டும். சாயந்திரம் பாத்திரம் கழுவ நீங்கள் இறங்கினாலே அவருக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும். ஒன்றே ஒன்று, அந்தத் தராசை மட்டும் தொட்டியில் போட்டுக் கழுவிவிடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.